புன்னைக்காயல் தரும் மொழிப்பாடம்

பொதிகையில் பிறந்து, நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இருகரையிலும் கொண்டு ஓடிவரும் தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த சிற்றூர் புன்னைக்காயல். அயல்மொழி கற்பதில் கருவியின் பங்கு என்ன, மனிதரின் பங்கு என்ன என்னும் வினாவுக்குப் பதினாறாம் நூற்றாண்டிலேயே விடை கண்ட ஊர் அது. கைப்பேசி வழியே ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளின் பொருட்டு அவ்விடையை நாம் நினைவுகூர்தல் நன்று.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மொழிபெயர்ப்பாளர் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தே மக்களுக்குக் கற்பித்தார். 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு செப நூல் அச்சேறிற்று. தமிழை உரோமானிய எழுத்தில் தந்து, அதனுடன் போர்த்துக்கீசியப் பொருளையும் தந்த நூல் அது. தமிழ் எழுத்தொன்றும் அறியாதவரும் அதைக் கொண்டு தமிழில் செபம் சொல்லிவிடலாம். ஆனால், கேட்டு நிற்கும் மீனவர் எதிர்க்கேள்வி ஒன்று கேட்டுவிட்டால், அந்நூல் என்ன மறுமொழி தரும்?

இக்குறையைத் தீர்த்தவர் இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார். இக்கடற்கரையில் மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் பேசக் கேட்டு, அவர்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றார். பின்னரே, தாம் கற்றதைப் பிற குருக்களும் கற்குமாறு போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்று வரைந்தார். ஏட்டுத் தமிழையன்றிக் கரையோர மக்களின் பேச்சுத் தமிழையே அது பெரிதும் பதிவு செய்தது என்பது எண்ணத்தக்கது. அச்சுப்பொறி அதற்கும் பின்னரே வந்தது. 1578-இல் கொல்லத்தில் பதினாறு பக்கங்களில் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கமும், 1586-இல் அடியார் வரலாறும் வெளிவந்தன. பின்னது புன்னைக்காயலில் அச்சானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. முதலில் செவி, அடுத்து இலக்கணம், அதன் பின் பொறி. இதுவே அவர் கண்ட வரிசை.

நம் நாளில் பொறி முந்திக்கொண்டது. 2011 முதல் அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கிற்று. 2018-இல் பாடநூல்களில் கைப்பேசியால் படிக்கத்தக்க குறியீடுகள் இடம்பெற்றன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020-இன் பெருந்தொற்று கைப்பேசியையே வகுப்பறையாக்கிற்று. இவற்றின் நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பீடி சுற்றும் தாயின் மகள், ஓர் ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பை நூறுமுறை கேட்கலாம். பிழையாகச் சொன்னாலும் நகைப்பார் இல்லை. வசதி படைத்தோர்க்கே வாய்த்திருந்த வாய்ப்பு இது.

எனினும், நொடியில் மொழிபெயர்த்துத் தரும் செயலி, லிஸ்பன் நூலின் புதிய பதிப்பே எனலாம். அது எழுதித் தந்த விண்ணப்பத்தோடு நேர்காணலுக்குச் செல்லும் இளைஞர், முதற் கேள்விக்கே நா எழாது நிற்கிறார். அறிவுக் குறைவு அதற்குக் காரணமன்று. ஆங்கிலத்தில் அவரோடு உரையாட வீட்டிலும் தெருவிலும் ஒருவரும் இல்லாமையே காரணம்.

கருவியை வாங்கித் தந்ததோடு நம் கடமை முடிந்ததென எண்ணுதல் தகாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவரும் இல்லாத பங்கு நம்மிடையே அரிது. அவர்கள் வாரம் ஒருமணி நேரம் அமர்ந்து, பிள்ளைகளோடு பிழை பொறுத்துப் பேசினால் போதும். அண்டிரிக் அடிகளாரின் தமிழ்ப்பிழைகளைப் பொறுத்து, அவரோடு பேசிப் பழகிய கரையோர மக்கள் அன்று செய்ததும் அதுவேயன்றோ?