ஸ்பிங்க்ஸ் பூனைக்கும் எகிப்துக்கும் என்ன சம்பந்தம்?

'ஃப்ரெண்ட்ஸ்' பார்த்தவங்களுக்கு இந்த எபிசோட் ஞாபகம் இருக்கும். ரேச்சல் ஆயிரம் டாலர் கொடுத்து ஒரு பூனை வாங்கிட்டு வருவா. உடம்புல முடியே இருக்காது. பார்க்கிறவங்க எல்லாரும் மிரண்டு போவாங்க. அதுக்கு அவ வைக்கிற பேர் மிஸஸ் விஸ்கர்சன். நம்ம ஊர்ல சொன்னா 'மீசைக்காரம்மா'ன்னு வச்சுக்கலாம். காமெடி என்னன்னா, இந்த இனத்துல நிறைய பூனைகளுக்கு மீசையே கிடையாது. இந்த மீசை விஷயத்தைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க. கடைசியில இது கோர்ட் வரைக்கும் போகப்போகுது.

இந்தப் பூனையோட பேர் ஸ்பிங்க்ஸ். பேரைக் கேட்டதும் பிரமிடு, பாலைவனம், பாரோ மன்னர்கள்னு மனசு எங்கெங்கேயோ போகும். ஆனா இதோட சொந்த ஊர் கனடா. குளிருக்குப் பேர் போன நாட்டுல, முடியே இல்லாத பூனை!

முடியில்லாத பூனைக்கு ஒரு பழங்காலக் கதையை ஒட்டவைக்கிறது புதுசு இல்லை. 1900களோட தொடக்கத்துல அமெரிக்காவின் நியூ மெக்சிகோவுல, ஆல்புகெர்க்கி ஊர்ல, நெல்லி, டிக்னு ரெண்டு பூனைங்க இருந்துச்சு. ரெண்டுக்கும் முடி இல்லை. 'ஆஸ்டெக் இனத்தோட கடைசிப் பூனைகள்'னு அதுங்களைப் பத்தி ஒரு பேச்சு. 1903ல ஃபிரான்சிஸ் சிம்ப்சன் வெளியிட்ட 'தி புக் ஆஃப் தி கேட்' புத்தகத்துலகூட அதுங்களைப் பத்தி வந்திருக்கு. டிக்கை நாய்கள் கடிச்சுக் கொன்னுடுச்சு. அதோட அந்த வம்சமும் முடிஞ்சுது.

அடுத்து 1966, டொரன்டோ. எலிசபெத்துன்னு ஒரு சாதாரண வீட்டுப் பூனை குட்டி போட்டுச்சு. அதுல ஒரு குட்டிக்கு முடி இல்லை. பேர் ப்ரூன். இப்படி இன்னும் நிறைய குட்டிகள் வேணும்னு, ப்ரூனை அதோட அம்மாவோடயே இணை சேர்த்தாங்க. முடியில்லாத குட்டிகள் பிறந்துச்சு, ஆனா உடல்நலப் பிரச்சினைகளும் சேர்ந்தே வந்துச்சு. பூனை இனங்களைப் பதிவு பண்ற அமெரிக்க அமைப்பான சிஎஃப்ஏ முதல்ல தற்காலிகமா அங்கீகாரம் கொடுத்து, 1971ல அதைத் திரும்ப வாங்கிக்கிச்சு. ப்ரூனோட வம்சமும் நிலைக்கலை.

அப்போ இன்னைக்கு இருக்கிற ஸ்பிங்க்ஸ் எல்லாம் எங்கிருந்து வந்துச்சு? 1975ல அமெரிக்காவின் மினசோட்டாவுல, ஒரு பண்ணைப் பூனைக்கு முடியில்லாத குட்டி பிறந்துச்சு. பேர் எபிடெர்மிஸ், அதாவது மேல்தோல். அடுத்து ஒண்ணு பிறந்தப்போ அதுக்கு டெர்மிஸ்னு பேர் வச்சாங்க. 1978 வாக்குல திரும்பவும் டொரன்டோவுல மூணு குட்டிகள் கிடைச்சுது. அதுல பங்கி, பலோமாங்கிற ரெண்டு பெண் பூனைகளை நெதர்லாந்துக்கு அனுப்பினாங்க. வம்சத்தைக் காப்பாத்த அங்கே டெவன் ரெக்ஸ்ங்கிற சுருள்முடி பூனையோட இணை சேர்த்தாங்க. நெதர்லாந்துங்கிற பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

சுருள்முடி பூனையோட சேர்த்தா முடியில்லாத குட்டி எப்படி வரும்? இதுக்குப் பதில் 2010ல வந்த ஒரு ஆய்வுல கிடைச்சுது. ரெண்டு இனத்துக்கும் காரணம் ஒரே ஜீன், கேஆர்டி71. ஒரே ஃபைல்ல ரெண்டு வேற வேற வரியில மாத்தம் நடந்த மாதிரி. ஸ்பிங்க்ஸுக்கு முடி முளைக்காமலே போறதில்லை. முளைக்கும், ஆனா வேர் சரியா அமையாததால பிடிமானம் இல்லாம உதிர்ந்துடும். இது ஒடுங்கு பண்பு. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாதான் வெளியே தெரியும். அதனாலதான் சாதாரணமா இருக்கிற ரெண்டு பூனைகளுக்குத் திடீர்னு இப்படி ஒரு குட்டி பிறக்குது.

ரஷ்யாவுல டோன்ஸ்காய்னு இன்னொரு முடியில்லாத இனம் இருக்கு. 1987ல ரொஸ்தோவ் நகரத்துல கிடைச்ச வர்வாரா பூனையோட வம்சம் அது. அங்கே நடந்தது வேற மரபணு மாத்தம். அது ஓங்கு பண்பு, ஒரு பக்கத்துல இருந்து வந்தாலே போதும். ஆக, முடியில்லாத பூனை அங்கங்கே தானாவே பிறந்துட்டுதான் இருக்கு. அதை ஒரு 'இனமா' ஆக்கினது மனுஷங்களோட முடிவு.

சரி, ஆள் எப்படி இருக்கும்? உத்துப் பார்த்தா பீச் பழத்தோட தோல்ல இருக்கிற மாதிரி மெல்லிய பூமுடி தெரியும். காது பெருசு, நெத்தியிலயும் கழுத்துலயும் சுருக்கம், வயிறு கொஞ்சம் உருண்டையா இருக்கும். மத்த பூனைகளுக்கு முடியில எந்த நிறம் இருக்குமோ, அது இதுக்குத் தோல்லயே தெரியும். தோல்ல சுரக்கிற எண்ணெயை உறிஞ்ச முடி இல்லை, அதனால அடிக்கடி குளிப்பாட்டணும். காதுல அழுக்கு சேரும், அதையும் சுத்தம் பண்ணணும். வெயில்ல தோல் எரிஞ்சுடும், குளிர் தாங்காது. சூடு சீக்கிரம் வெளியேறிடுறதால நிறைய சாப்பிடும். 'முடி இல்லையே, அலர்ஜி வராது'ன்னு நினைச்சு வாங்குறவங்க இருக்காங்க. அது தப்பு. அலர்ஜி தர்ற முக்கியமான புரதம் பூனையோட எச்சில்லயும் தோல் சுரப்பிகள்லயும்தான் இருக்கு.

குணம்? பூனைன்னா ஒதுங்கியே இருக்கும்னு சொல்றவங்க இதைப் பார்த்தா வாயடைச்சுப் போவாங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் போய் ஒட்டிக்கும். நீங்க போற ரூமுக்கெல்லாம் பின்னாடியே வரும். போர்வைக்குள்ள நுழைஞ்சு உங்க மேலேயே படுத்துக்கும். இதுல பாசம் நிஜமாவே இருக்கு. ஆனா அந்தப் பாசத்துல ஒரு பங்கு குளிர். அதுக்குச் சூடு வேணும், வீட்ல இருக்கிற நல்ல ஹீட்டர் நீங்கதான். நாம கொஞ்சலாப் பார்க்கிறதுல பாதி, அதோட உடம்புக்கு இருக்கிற தேவை.

இப்போ மீசைக்கு வருவோம். பூனைக்கு மீசை அழகுக்கு இல்லை. இருட்டுல வழி பார்க்க, இடுக்குல நுழைய முடியுமான்னு தெரிஞ்சுக்க அதுதான் உதவுது, அது ஒரு புலன் உறுப்பு. ஜெர்மனியில, துன்பம் தர்ற மாதிரியான இனப்பெருக்கத்துக்குச் சட்டப்படி தடை இருக்கு. 2015ல பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்கு, மீசையில்லாத ஸ்பிங்க்ஸ் பூனையை வச்சு குட்டி போட வைக்கலாமாங்கிற வழக்கு வந்துச்சு. கூடாதுன்னு தீர்ப்பு.

நெதர்லாந்து இன்னும் ஒருபடி மேல போயிடுச்சு. 2026 ஜனவரி 1ல இருந்து அங்கே முடியில்லாத பூனையை வச்சிருக்கவே தடை. அதுக்கு முன்னாடி பிறந்து, மைக்ரோசிப் பொருத்தின பூனைகளை மட்டும் அதோட ஆயுசு வரைக்கும் வச்சுக்கலாம். பங்கியும் பலோமாவும் வம்சம் பிழைக்கணும்னு விமானம் ஏறிப்போன அதே நாடு!

வளர்க்கிறவங்க பக்கத்துலயும் நியாயம் இருக்கு. நல்லா பார்த்துக்கிட்டா இந்தப் பூனை வீட்டுக்குள்ள சந்தோஷமா வாழும்னு அவங்க சொல்றாங்க. பல வீட்ல அது உண்மையும்கூட. ஆனா 'நல்லா பார்த்துக்கிட்டா'ங்கிற வார்த்தைதான் எனக்கு இடிக்குது. கரண்ட் போனா, ஓனர் ஊருக்குப் போனா, வளர்க்க முடியலைன்னு வேற யார்கிட்டயாவது கொடுத்துட்டா? ரேச்சல்கூட கடைசியில மிஸஸ் விஸ்கர்சனை வித்துடுவா. அதுவும் லாபத்துக்கு.

ஏற்கனவே பிறந்த பூனைகளை யாரும் வெறுக்க வேண்டாம், அதுங்க எந்தத் தப்பும் பண்ணலை. உங்க வீட்ல ஒண்ணு இருந்தா போர்வையை நல்லா போர்த்தி விடுங்க, இந்த இனத்துல இதய நோய் அடிக்கடி வரும், அதனால டாக்டர்கிட்ட இதயத்தையும் ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. ஆனா புதுசா ஒண்ணு வேணும்னு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. இன்னொரு குட்டியை இப்படிப் பிறக்க வைக்கணுமாங்கிறது நாம எடுக்கிற முடிவு.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!