கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) தென்னிந்திய நவீன ஓவியத்தின் முன்னோடி. சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியவர். மனித உருவங்களில் உணர்ச்சியை முதன்மைப்படுத்திய வெளிப்பாட்டியல் சாயலுள்ள ஓவியங்களை 1950களில் வரைந்தார். பின்னாளில் எழுத்தும் குறியும் கலந்த தனி ஓவிய மொழியை உருவாக்கினார்.

இளமையும் கல்வியும்

பணிக்கர் 1911 மே 30 அன்று கோயம்புத்தூரில் பிறந்தார். இளமையின் ஒரு பகுதி மலபாரில் கழிந்தது. அப்பகுதியின் பசுமையும் நீர்நிலைகளும் அவருடைய தொடக்கக் கால நீர்வண்ண நிலக்காட்சிகளில் இடம்பெற்றன. பதினேழு வயதிலேயே சென்னை ஓவியக் கண்காட்சியில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டன. குடும்பச் சூழலால் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தார். பின்னர் அந்த வேலையை விட்டு, 1936இல் சென்னைக் கலை, கைத்தொழில் பள்ளியில் (பின்னாளில் அரசு ஓவியக் கல்லூரி) மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 25.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளிக்கு அப்போது சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைவராக இருந்தார். மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவர் இவரே. 1940இல் படிப்பை முடித்த பணிக்கர், அடுத்த ஆண்டு அங்கேயே ஆசிரியரானார். 1944இல் நண்பர்களுடன் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் நவீன ஓவியர் குழுக்கள் உருவாகிவந்த அக்காலத்தில், தென்னிந்திய ஓவியர்கள் தங்கள் படங்களைச் சேர்ந்து காட்சிக்கு வைக்கவும் விவாதிக்கவும் இச்சங்கம் களமாக அமைந்தது.

உருவ ஓவியங்கள்

கண் கண்டதை அப்படியே பதிவுசெய்வதைவிட, மனம் உணர்ந்ததை வண்ணத்தாலும் கோட்டாலும் அழுத்திச் சொல்வது வெளிப்பாட்டியல். ஐரோப்பாவில் வான்கா, மூங்க் ஆகியோரின் படைப்புகள் இதற்கு வழி வகுத்தன. 1905இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கூடிய இளம் ஓவியர் குழு இதை ஓர் இயக்கமாக வளர்த்தது. உருவத்தின் அளவுகளை வேண்டுமென்றே மாற்றுவதும், இயல்பில் இல்லாத வண்ணத்தைத் தீட்டுவதும் அவர்களுடைய வழிகள்.

பணிக்கர் வான்கா, கோகன் ஆகியோரிடமிருந்து வண்ணத் துணிவைப் பெற்றார். உருவத்தை வரைவதற்கான கோட்டை அஜந்தாச் சுவரோவிய மரபிலிருந்து எடுத்துக்கொண்டார். 1950களின் படங்களில் மனிதர்கள் நீண்டு மெலிந்து நிற்கிறார்கள். உடலைச் சுற்றி அழுத்தமான கோடு ஓடுகிறது. ஒளிநிழலால் திரட்சி காட்டாமல், தட்டையான வண்ணப் பரப்புகளாலேயே உருவங்கள் அமைகின்றன. தாயும் சேயும், புத்தரின் பிறப்பிடமான லும்பினி, ஏசுவின் வாழ்க்கை ஆகியவை அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள். இப்பொருள்கள் அனைத்திலும் துன்பமும் கருணையுமே அவரை ஈர்த்தன.

1954இல் லண்டனிலும் பாரிசிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதையொட்டிய ஐரோப்பியப் பயணத்துக்குப் பின், மேலைப் பாணியை நகலெடுப்பதால் இந்திய ஓவியத்துக்குத் தனி முகம் கிடைக்காது என்ற எண்ணம் அவருக்குள் வலுத்தது. தொடர்ந்து வரைந்த ‘தோட்டம்’ வரிசையில் மனிதரும் செடிகொடிகளும் விலங்குகளும் ஒரே வண்ணப் பரப்பில் கலந்தன. மனித உருவம் முன்பிருந்த தனியிடத்தை மெல்ல இழந்தது.

சொற்களும் குறியீடுகளும்

1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை வரையத் தொடங்கினார். மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டில் எண்களும் வரைபடங்களும் நிறைந்திருந்ததைக் கண்டதே இதற்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. இப்படங்களில் ஜாதகக் கட்டங்கள், தாந்திரிக வடிவங்கள், கணிதக் குறிகள், மலையாள எழுத்தை ஒத்த நெருக்கமான வரிகள் ஆகியவை இடம்பெறுகின்றன. எழுத்துப் போலத் தோன்றும் அவ்வரிகளைப் படித்துப் பொருள் காண முடியாது. பழஞ்சுவடி ஒன்றின் முன் நிற்கும் உணர்வை எழுப்புவதே அவற்றின் வேலை. கட்டங்களுக்கிடையே நாய், பறவை, மனிதன் போன்ற சிறு உருவங்களும் வருகின்றன. முன்பு உருவத்தின் முகபாவத்தில் இருந்த உணர்ச்சியை இங்கே கோட்டின் ஓட்டமே சுமக்கிறது. கோட்டுக்குத் தரப்பட்ட இந்த முதன்மை, பின்னர் ‘சென்னை இயக்கம்’ என்று பெயர்பெற்ற போக்கின் அடையாளமானது.

ஆசிரியர்

1957இல் பணிக்கர் கல்லூரியின் தலைமைப் பொறுப்பேற்று, 1967இல் ஓய்வு பெற்றார். கைவினைத் தொழிலைத் தாழ்வாகக் கருதாமல், கோயில் சிற்பம், நாட்டார் கலை, உலோக வேலை ஆகியவற்றிலிருந்து கற்க மாணவர்களை ஊக்குவித்தார். அவர் காலத்தில் அங்கே பயின்றவர்களில் கே. எம். ஆதிமூலம், ஆர். பி. பாஸ்கரன் உள்ளிட்டோர் தத்தம் வழியில் புகழ்பெற்றனர்.

சோழமண்டலம்

படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காகப் பல மாணவர்கள் தூரிகையைக் கைவிட்டதே பணிக்கரை வருத்திய பெருங்குறை. ஓவியத்துக்கு வாங்குவோர் குறைவு; கைவினைப் பொருளுக்குச் சந்தை உண்டு. இந்தக் கணக்கிலிருந்து கைவினைக் கலைஞர் சங்கம் ஒன்று உருவானது. உறுப்பினர்கள் ஒரு பகுதி நேரம் பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். பாத்திக்கில் உருக்கிய மெழுகால் துணியில் கோலம் வரைந்து சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை நீக்கி மீண்டும் பூசி, நிறத்துக்கு ஒரு முறையாக முக்கி எடுக்க வேண்டும். கோட்டில் தேர்ந்த ஓவியருக்கு இது கைவந்த வேலை.

அந்த வருவாயைக் கொண்டு 1966இல் சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரையோரம் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் கிராமம் அமைத்தார்கள். காலையில் கைவினை, மற்ற நேரத்தில் சொந்தப் படைப்பு என்று வாழ்க்கை அமைந்தது. அதே கடற்கரையில் மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பப் பயிற்சி நிலையம் ஆகம மரபைப் பேண, சோழமண்டலம் புதிய கலைக்கு இடம் தந்தது. ஜே. சுல்தான் அலி, கே. வி. ஹரிதாசன், எஸ். ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பி. கோபிநாத் போன்றோர் இங்கே பணியாற்றினர். கே. ராமானுஜம் (1941–1973) மைக்கோடுகளால் கனவு நகரங்களை வரைந்து, அவற்றினுள் தொப்பியணிந்த தன் உருவத்தை உலவவிட்டார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) உலோகச் சிற்பியாகப் பெயர்பெற்றார்.

இறுதிக் காலமும் மதிப்பும்

1976இல் லலித் கலா அகாதெமி பணிக்கருக்குத் தன் உயரிய கௌரவமான ஃபெல்லோஷிப்பை வழங்கியது. 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவருடைய படைப்புகளுக்கெனத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் தனிக் காட்சிக்கூடம் உள்ளது. ஈஞ்சம்பாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. சோழமண்டலத்தில் 2009இல் திறக்கப்பட்ட சமகாலக் கலை மையம், சென்னை இயக்க ஓவியர், சிற்பிகளின் படைப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளது. இந்திய மண்ணுக்குரிய நவீன ஓவிய மொழியைத் தேடியதும், கலைஞர்கள் சொந்த உழைப்பில் வாழ்வதற்கு ஒரு நிலையான இடத்தை உண்டாக்கியதும் பணிக்கரின் இரு பெரும் பங்களிப்புகள்.