அண்ணாமலை உச்சிக்கு ஏறலாமா?

திருவண்ணாமலைக்கு வர்ற விருந்தாளிங்க கேட்கிற முதல் கேள்வி, "கோயில் நடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" ரெண்டாவது கேள்வி, "மலை மேல ஏறலாமா?" ரமணாசிரமத்துப் பக்கத்துலயே குடியிருக்கிறதால ரெண்டாவது கேள்வி எனக்குக் கொஞ்சம் அதிகமாவே வரும். செங்கம் ரோட்டுல டீக்கடையில நின்னா போதும், முதுகுப் பையோட ஒரு தம்பி வந்து கேட்டுடுவார்.

ஒரு வரியில பதில் வேணும்னா: கந்தாசிரமம் வரைக்கும் போகலாம், உச்சிக்குப் போகக் கூடாது. "ஏன் சார் கூடாது? நம்ம சாமி, நம்ம மலை" என்று அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பதில் ஒரு வரியில அடங்காது. நூறு வருஷத்துக்கும் மேலான கதை அது. கொஞ்சம் பொறுமையா உட்காருங்க.

பீரங்கிச் சத்தம் கேட்ட மலை

மலையோட உயரம் சுமார் 2,670 அடி. இமயமலையோட ஒப்பிட்டா குழந்தைதான். ஆனா வயசுல இமயத்துக்குக் கொள்ளுத் தாத்தாவுக்கும் தாத்தா. சுற்றிலும் சமவெளி, நடுவுல தனியா ஒரு மலைங்கிறதால எட்டத்திலிருந்தே கண்ணுல படும். அதனாலதான் பக்தர்களுக்கு மட்டுமில்லை, படைகளுக்கும் இது அடையாளமா இருந்திருக்கு.

1767 செப்டம்பர்ல ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில கும்பெனிப் படை இன்னொரு பக்கம். முதல்ல செங்கத்துல மோதல், அப்புறம் அதே மாசக் கடைசியில திருவண்ணாமலையில பெரிய சண்டை. கும்பெனி ஜெயிச்சது. ஆங்கில வரலாற்றுப் புத்தகங்கள்ல "டிரினோமலி சண்டை"ன்னு இருக்கும். எந்த ஊருன்னு யோசிச்சு மண்டையை உடைச்சுக்காதீங்க, நம்ம ஊருதான் :-)

இன்னைக்கு பெங்களூரு பஸ் போற செங்கம் ரோடுதான் அன்னைக்கு மேலேயிருந்து கீழே இறங்குற கணவாய் வழி. இந்த ஊரை யார் வச்சிருந்தாங்களோ அவங்க கையில அந்த வழி இருந்தது.

2 ரூபாய் 13 அணா

அடுத்த ஆள் பீரங்கியோட வரலை, பள்ளிக்கூடப் பையன். 1896 ஆகஸ்ட் 29ஆம் தேதி, மதுரையில படிச்சுக்கிட்டிருந்த 16 வயசு வெங்கட்ராமன், அண்ணனோட காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5 ரூபாயில 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்புறார். வீட்டுல இருந்த அட்லஸ் பழசு. அதுல விழுப்புரத்துலேர்ந்து திருவண்ணாமலை வழியா காட்பாடி போற புது ரயில் பாதை இல்லை. பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம்னு நினைச்சு, 2 ரூபாய் 13 அணாவுக்கு அங்கே டிக்கெட் எடுத்துட்டார். ரயில்ல கூட வந்த ஒரு மௌல்விதான், "விழுப்புரத்துல மாறினா திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கே"ன்னு சொல்லியிருக்கார்.

விழுப்புரத்துல இறங்கினப்போ கையில இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைச்சது. அங்கிருந்து நடை. கீழூர்ல காதுக் கடுக்கனை அடகு வச்சு 4 ரூபாய் வாங்கி, திருக்கோவிலூர்ல ரயிலேறி, செப்டம்பர் 1ஆம் தேதி காலையில இங்கே வந்து சேர்ந்தார். அப்புறம் 1950 ஏப்ரல் 14ஆம் தேதி வரைக்கும், 53 வருஷத்துக்கு மேல, இந்த ஊரை விட்டுப் போகவே இல்லை.

ஒரு மலையைச் சுத்தியே இத்தனை வருஷம். இன்னைக்கு நாம நடக்கிற பாதைகள்ல முக்கால்வாசி அவர் தங்கின இடங்களை ஒண்ணோட ஒண்ணு சேர்த்ததால உண்டானதுதான். பவழக்குன்று (அம்மா அழகம்மாள் 1898 டிசம்பர்ல வந்து வீட்டுக்குக் கூப்பிட்ட இடம்), 1899லேர்ந்து 1916 வரைக்கும் விரூபாட்சி குகை, 1916லேர்ந்து 1922 வரைக்கும் கந்தாசிரமம். கந்தசாமிங்கிற அடியார் பாறையையும் கள்ளியையும் ஒதுக்கித் தன் கையால உருவாக்கின இடங்கிறதாலதான் அந்தப் பேரு. 1922 மே மாசம் அம்மா காலமானதும் அவங்களை மலையடிவாரத்துல பாலித் தீர்த்தத்துக்கிட்ட அடக்கம் பண்ணினாங்க. தினமும் அங்கே இறங்கி வந்தவர், அந்த வருஷமே அங்கேயே தங்கிட்டார். அதுதான் இப்போ ரமணாசிரமம்.

குகைக்கு வசூல்

நுழைவுக் கட்டணம் இந்தக் காலத்து வியாதின்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கதை. விரூபாட்சி குகை ஒரு மடத்துக்குச் சொந்தம். கார்த்திகைத் திருவிழா சமயத்துல மேலே வர்றவங்ககிட்ட மடம் ஒரு சின்னத் தொகை வசூலிக்கும். ரமணரைப் பார்க்கக் கூட்டம் பெருகினதும், வருஷம் பூரா வசூலிக்க ஆரம்பிச்சாங்க. ரமணருக்கு அது பிடிக்கலை. சண்டை போடலை. குகையை விட்டு எழுந்து வெளியில மரத்தடியில போய் உட்கார்ந்துட்டார். வசூல்காரர் தன் எல்லையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு அங்கேயும் வசூல் பண்ணினார். இவர் வேற குகைக்குப் போயிட்டார். கடைசியில குகைக்கு ஆளே வரலை. மடத்துக்காரங்களே வந்து, இனி வசூல் இல்லை, திரும்பி வாங்கன்னு கூப்பிட்டாங்க.

படிக்கிறப்ப சிரிப்பா இருக்கும். ஆனா மலைப்பாதையில யார் போகலாம், யார் அதை முடிவு பண்றதுங்கிற வழக்கு அப்பவே ஆரம்பிச்சாச்சு.

1911ல வேலூர்ல போலீஸ் அதிகாரியா இருந்த ஹம்ஃப்ரீஸ் இந்தக் குகைக்கு ஏறி வந்தார். ரமணரைத் தேடி வந்த முதல் வெள்ளைக்காரர் அவர்தான்னு சொல்வாங்க. அவர் எழுதின கடிதங்கள் இங்கிலாந்துல அச்சாச்சு. 1931ல பால் பிரண்டன் வந்தார், 1934ல அவர் புத்தகம் வந்தது. 1938ல நாவலாசிரியர் சாமர்செட் மாம். அதுக்கப்புறம் வெளிநாட்டுக்காரங்க வரத்து நிற்கவே இல்லை. எங்க தெருவுல இருக்கிற வாடகை ரேட்டுக்கெல்லாம் மூல காரணம் அந்த 1934 புத்தகம்தான்னு நான் அடிக்கடி சொல்லுவேன்.

மலை யாருக்குச் சொந்தம்?

1930கள்ல இது கோர்ட்டுக்கே போச்சு. மலை அரசாங்கத்துச் சொத்தா, கோயில் சொத்தா? கோயில் தரப்புல ரமணரையே சாட்சியா விசாரிச்சாங்க. இந்த மலையே லிங்கம்ங்கிறது அவர் சாட்சியத்தோட சாரம். கோயில் கருவறைக்குள்ள இருக்கிறது மட்டும் இல்லை, மலை முழுக்கவே சாமிங்கிற நம்பிக்கைதான் கிரிவலத்துக்கே அடிப்படை.

இப்போ மலை காப்புக்காடு, வனத்துறை கையில. தீபம் ஏத்துற உரிமை பரம்பரையா பர்வதராஜகுலத்தாருக்கு. கோயில் அறநிலையத் துறையிடம். ஆக, சாமி ஒண்ணு, சாவி மூணு.

மொட்டை மலை

ரமணர் குகையில இருந்த காலத்துல சிறுத்தை வந்து போன கதைகள் நிறைய உண்டு. அதே மலை 1980கள்ல ஏறக்குறைய மொட்டை. விறகு வெட்டு, ஆடு மாடு மேய்ச்சல், வருஷா வருஷம் கோடையில தீ. மரம் போனா புல் வரும், புல்லு காஞ்சா தீ பிடிக்கும், தீ பிடிச்சா முளைச்ச கன்று கருகும், திரும்பப் புல்லுதான் வரும். இந்தச் சுழல்ல சிக்கின மலையில மழை பெய்ஞ்சா தண்ணி நிக்காது, மண்ணோட கீழே ஓடி வரும்.

1980களோட கடைசியில உள்ளூர்க்காரங்களும் இங்கேயே தங்கிட்ட வெளிநாட்டுக்காரங்களும் சேர்ந்து அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. ஆஸ்திரேலியக் காட்டுப் போராளி ஜான் சீட் வெளியில இருந்து உதவி திரட்டினார். அப்புறம் வேற அமைப்புகளும் வனத்துறையோட சேர்ந்து கன்று நட்டு, தீத்தடுப்புக் கோடு போட்டு, தீ பிடிச்சா இலைதழையால அடிச்சு அணைச்சு... முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. கந்தாசிரமப் பாதையில இன்னைக்கு நிழல்ல நடக்கிறோம்னா அது தானா வந்த நிழல் இல்லை.

தீ எப்படிப் பிடிக்குது? மின்னல்ல இல்லை. பெரும்பாலும் மனுஷக் கைதான். பீடித்துண்டு, மேலே ஏறி கற்பூரம் ஏத்துறவங்க, சும்மா வேடிக்கைக்குக் கொளுத்துறவங்க. பாதையை மூடணும்னு வனத்துறை நினைச்சதுக்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு பக்கம் கூட்டம். ரமணரே 1926 வரைக்கும் கிரிவலம் போனவர். அந்தக் காலத்துல பௌர்ணமிக்கு விரல்விட்டு எண்ணிடலாம்பாங்க பெரியவங்க. 1990கள்லேர்ந்துதான் 14 கிலோமீட்டர் பாதை லட்சக்கணக்கான காலைப் பார்க்க ஆரம்பிச்சது. காட்டுக்குள்ள போற உள்வழிப் பாதை மூடப்பட்டது. வெளி ரோட்டை அகலப்படுத்த மரம் வெட்டின விவகாரம் 2016ல பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு.

2024 டிசம்பர் 1

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரிக்கிட்ட கரையைக் கடந்தது. எங்க ஊருல கொட்டின மழை நிக்கவே இல்லை. டிசம்பர் 1ஆம் தேதி சாயந்திரம் மலையோட கிழக்குப் பக்கம், வ.உ.சி. நகர்ல, மண்ணும் பாறையும் சரிஞ்சு ஒரு வீட்டை மூடிடுச்சு. ஏழு பேர். அதுல அஞ்சு பேர் குழந்தைங்க.

இதை எழுதுறப்பவே கை நிக்குது. வேற யாரோட வீடோ இல்லை, நாம தினமும் கும்பிடுற அதே மலை.

பாறைமேல மெல்லிசா மண், அதுமேல பெரிய பெரிய உருண்டைப் பாறைங்க. தண்ணி ஊற ஊற மண்ணு கனத்து, பிடிப்பு விட்டுடும். சரிவு மேலேயே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டிய நிலைமை ஏழைங்களுக்குத்தான். அவங்க மேல குத்தம் சொல்ற யோக்கியதை, வயல்லயும் ஏரிக்கரையிலயும் ஃபிளாட் போட்டு வித்த ஊருக்குக் கிடையாது.

அந்த வருஷம் டிசம்பர் 13ஆம் தேதி தீபம். முன்னெல்லாம் தீபத்தன்னைக்கு அனுமதிச் சீட்டோட 2,500 பேரை மேலே விடுவாங்க. அந்த முறை நிபுணர்கள் வந்து பார்த்தாங்க, பொதுமக்கள் யாரும் ஏறக் கூடாதுன்னு முடிவாச்சு. கொப்பரை, நெய், திரி சுமக்கிறவங்க மட்டும் ஏறினாங்க. தீபம் எரிஞ்சுது. கீழே நின்னே கும்பிட்டோம். சாமி கோவிச்சுக்கலை.

வேற ஊர்ல எப்படி?

சுலோவாக்கியாவுல வேலை பார்க்கிற சினேகிதர் ஒருத்தர் டாட்ரா மலைப் படங்களா அனுப்பித் தள்ளினார். அங்கே பெரிய சிகரம் கெர்லாக், உயரம் 2,655 மீட்டர். நம்ம மலை சுமார் 2,670 அடி. எண்ணு ஏறக்குறைய ஒண்ணு, அளவுகோல்தான் வேற! படத்தை விட எனக்குப் பிடிச்சது அங்கே இருக்கிற ஒழுங்கு. 1949லயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க. பாதைக்குப் பாதை சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்னு நிறக்கோடு. குளிர்காலம் வந்தா உயரமான பாதைகளை மாசக்கணக்குல மூடிடுவாங்க. கெர்லாக் மேல சாதாரண ஆள் ஏறணும்னா வழிகாட்டி கூட வரணும். மலைக்குடில்களுக்குச் சாமான் இன்னைக்கும் ஆள் முதுகுலதான் போகுது, நம்ம நெய் டின் மாதிரியே. அவ்வளவு ஒழுங்குக்கும் இயற்கை மசியாது. 2004 நவம்பர்ல ஒரே புயல்ல 12,000 ஹெக்டேருக்கும் மேல காடு சாய்ஞ்சிருக்கு.

அங்கே மூடுறது தண்டனை இல்லை, பழக்கம். எப்போ மூடுவோம், எப்போ திறப்போம்னு முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊருல ஒரு போர்டு இருக்கும், பக்கத்துலயே "நான் கூட்டிட்டுப் போறேன் சார்"னு ஒரு ஆளும் இருப்பார். ராத்திரி ரகசியமா ஏறி வழி தவறி, மறுநாள் வனத்துறை தேடிக் கூட்டி வர்றது அப்பப்போ செய்தியில வரும்.

என் கருத்தைக் கேட்டா: உச்சியை மூடினது சரிதான். ஆனா மூடிட்டுச் சும்மா இருந்தா போதாது. சரிவுல குடியிருக்கிறவங்களுக்குப் பாதுகாப்பான மாற்று இடம் கொடுக்கணும். பக்தனை மேலே போகாதேன்னு தடுக்கிற சட்டம், மேலே இருக்கிற வீட்டுக்குள்ள தூங்குற குழந்தையையும் காப்பாத்தணும் இல்லையா?

சரி, வர்றவங்களுக்குச் சில வார்த்தை. காலையில வெயிலுக்கு முன்னாடி ஆசிரமத்துப் பின்பக்கக் கல்பாதையில ஏறுங்க. நிதானமா நடந்தா முக்கால் மணியில கந்தாசிரமம். வழியில ஒரு பாறையில நின்னா கோயிலோட நாலு கோபுரமும் பொம்மை வச்ச மாதிரி தெரியும். 217 அடி ராஜகோபுரமும் அதுல அடக்கம். சுனைத் தண்ணி குடிச்சுட்டு விரூபாட்சி குகை, குகை நமசிவாயர் கோயில் வழியா இறங்கினா பேய்க்கோபுரத் தெருவுக்கே வந்துடலாம். தீப்பெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம், குரங்குக்கு பிஸ்கட்டும் வேண்டாம்.

மேலே போற வழி எதுன்னு யாராவது காதுல ரகசியமா சொன்னா, "கீழேயிருந்தே நல்லாத் தெரியுதுங்க"ன்னு சொல்லிட்டு வந்துடுங்க. நெசமாவே நல்லாத்தான் தெரியும்.