அரிதாரம் பூசாத முகங்கள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். கண்மாய், தென்னந்தோப்பு, நெல்வயல் எல்லாம் உண்டு. ஆனால் நாம் சிறுவர்களாக இருந்த காலத்தில் சினிமாவில் வந்த கிராமங்கள் பெரும்பாலும் கோடம்பாக்கத்திலோ சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலோ போட்ட செட்டுகள்தாம். குடிசைச் சுவரில் மழை பட்ட அடையாளமே இருக்காது.

1976இல் 'அன்னக்கிளி'யை மாயாற்றங்கரையில் உள்ள தெங்குமரஹாடாவுக்குப் போய் எடுத்தார்கள். மறு வருஷம் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தது. அதைப் பார்த்துவிட்டு நம் பக்கத்து ஊர் போலவே இருக்கிறது என்று பேசிக்கொண்டோம். எடுத்த இடம் கர்நாடகத்துக் கொள்ளேகால்! அசல் மண் வந்துவிட்டது, சரி. ஆனால் அந்த மண்ணில் வேலை செய்கிறவர்கள்? அவர்கள் இன்னும் நாயகனுக்குப் பின்னால் நிற்கும் கூட்டமாகத்தான் இருந்தார்கள்.

எண்பதுகளில் எங்கள் ஊருக்கு அருகே ஒரு படப்பிடிப்பு நடந்தது. படத்தின் பெயர் வேண்டாம். கதிர் அறுக்கும் காட்சி. அரிவாளைப் பிடிக்கத் தெரியாத நடிகைக்கு எங்கள் பெரியம்மாதான் அரை நாள் சொல்லிக் கொடுத்தார். படத்தில் அறுப்பது நடிகை. பெரியம்மா வரப்பில் நிற்கிறார், அதுவும் இமைப்பதற்குள் போய்விடும். கிடைத்தது ஒரு பொட்டலம் சோறு. அன்றைய அறுப்புக் கூலி போனது போனதுதான். "அவ புடிச்ச புடிக்கு விரல் போயிருக்கும்டா" என்று மட்டும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022) எனக்கு முக்கியமான படம். எடுத்தது உசிலம்பட்டிப் பக்கம். கல்லுப்பட்டி, பேரையூர் வழியாக நாம் எட்டிவிடுகிற தூரம்தான். விஜய் சேதுபதியும் யோகி பாபுவும் அதில் உண்டு, ஆனால் சின்ன வேஷங்களில். நாயகன் நல்லாண்டி, எண்பதைத் தாண்டிய அசல் விவசாயி. குலதெய்வத்துக்குப் படைக்க நெல் விளைவிக்கும் மாயாண்டி என்ற கிழவராக வருகிறார். நிலத்தில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக அவர்மேல் வழக்குப் போட்டுச் சிறையில் வைக்கிறார்கள். அங்கேயும் அவருக்குப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமே என்ற கவலைதான். (மயில் உபத்திரவம் நம் தோட்டக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

அந்தப் படத்தில் அவர் கைகளைப் பாருங்கள். அவர் மண்ணைத் தொடுகிற விதம் ஒத்திகை பார்த்து வருவதில்லை.

இப்படி எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். 1952இல் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'க்காக நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் படமெடுத்தார். அடுத்த வாரம் வந்து பார்த்தால் நாணலை மாடுகள் மேய்ந்திருந்தன! மறுபடி பூக்க ஒரு வருஷம் காத்திருந்தார். மேலூர் அருகே அரிட்டாபட்டிப் பக்கத்தில் வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்', 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த வெயிலும் காத்திருந்து பிடித்ததாகத்தான் தெரிகிறது.

'கடைசி விவசாயி' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நல்லாண்டிக்கும் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அறிவித்தது 2023 ஆகஸ்டில். படம் தியேட்டருக்கு வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.