புதுச்சேரி நகரக் கட்டடக்கலை

வங்கக் கடலோரத்தில் பெரிய வாய்க்காலின் இரு கரைகளிலும் அமைந்த புதுச்சேரியின் பழைய நகரப் பகுதி, பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்ற வீடுகளும் கோயில்களும் தேவாலயங்களும் அரசு மாளிகைகளும் ஒரே தெருக்கட்டத்துக்குள் நெருங்கி நிற்கும் இடமாகும். மஞ்சள் சுவரையும் அதன் வெள்ளைக் கரையையும் சுவரைத் தாண்டிப் பூத்துச் சரியும் காகிதப்பூவையும் கண்டு இதை மத்தியதரைக் கடலோர நகரம் ஒன்றின் சாயல் என்று பயண நூல்கள் வருணிப்பது வழக்கம். அந்த வருணனை வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள தெருக்களுக்கு ஓரளவு பொருந்தினாலும், நகரின் தனிச்சிறப்பு இரு பக்கத்து வீடுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கிக்கொண்ட முறையில்தான் இருக்கிறது.

மத்தியதரைக் கடலுடன் இவ்வூருக்குள்ள தொடர்பு பிரெஞ்சுக்காரருக்கு மிகவும் முந்தையது. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் நடத்திய அகழாய்வுகளில், திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் ஏற்றிவந்த ஆம்போரா என்னும் இரு கைப்பிடிச் சாடிகளின் துண்டுகளும், இத்தாலியில் வனையப்பட்ட அரெட்டைன் என்னும் செந்நிற மெருகுக் கலங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. அங்கே இன்று நிற்கும் செங்கல் சுவர்களை ரோமானியர் கட்டியவை என்று எண்ணிப் படமெடுத்துச் செல்வோர் பலர். அவை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய குருமடத்தின் இடிபாடுகளே.

பிரான்சுவா மார்த்தேன் 1674இல் பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிலைப்படுத்திய பின், 1693 முதல் 1699 வரை ஊரைக் கைவசம் வைத்திருந்த டச்சுக்காரர்கள் நேர்கோட்டுத் தெருக்கள் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் கட்ட அமைப்பை வரைந்தனர். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே பின்பற்றினர். 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றிக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கியதால், இன்று காணப்படும் நகரம் பெரும்பாலும் 1765க்குப் பிறகு ழான் லா தெ லொரிஸ்தோன் ஆளுநராக இருந்தபோது தொடங்கிய மறுகட்டுமானத்தின் விளைவாகும். நகரைச் சுற்றி முட்டை வடிவில் ஓடும் அகன்ற சாலை புல்வார் எனப்படுகிறது.

வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சு வீடு தெருவுக்கு முகம் காட்டாது. உயர்ந்த மதிலும் அலங்கார வாயிலும் மட்டுமே வெளியே தெரிய, உள்ளே தோட்டத்துடன் கூடிய முற்றமும் அதை நோக்கிய வளைவுத் தூண்வரிசையும் இருக்கும். சன்னல்களில் சாய்ந்த மரச்சட்டங்களை அடுக்கிச் செய்த கதவுகள் வெயிலைத் தடுத்துக் கடற்காற்றை மட்டும் உள்ளே விடும். மேற்கே உள்ள தமிழர் வீடு இதற்கு நேர்மாறாகத் தெருவை வரவேற்கிறது: மரக்கால்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பின் கீழ் வழிப்போக்கருக்கும் நிழல் தரும் தாழ்வாரம், அதையடுத்து விருந்தினரும் அயலாரும் அமரும் திண்ணை, பின் செதுக்கு வேலைப்பாடுள்ள தலைவாசல், அதைக் கடந்தால் வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் என்று பொதுவிடத்திலிருந்து தனியிடத்துக்குப் படிப்படியாக அது செல்கிறது. தெருவோடு உறவாடுவதில் இவ்வளவு வேறுபட்டாலும் கட்டுமானத்தில் இரண்டும் உடன்பிறப்புகள்; இரண்டிலும் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது, கூரை பெரும்பாலும் நெருக்கமாக அடுக்கிய மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாகக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புக் காரை இட்ட தளமாகும். பொறியாளர்கள் இதை மெட்ராஸ் தளம் என்பர். வரைபடம் ஐரோப்பியருடையதாக இருந்தாலும் கொத்தனாரும் தச்சரும் இம்மண்ணின் மக்களாதலால், கிழக்குப் பகுதியை முழுக்கவும் பிரான்சின் படைப்பாகக் கொள்வது சரியன்று.

கலப்பு மிகத் தெளிவாகப் புலப்படுவது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷியாக, அதாவது வணிக இடையாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில்தான். 1738 அளவில் கட்டப்பட்ட இவ்வீட்டின் தரைத்தளம் மரத்தூண்கள் சூழ்ந்த தமிழ் முற்றமாகவும், மேல்தளம் பிரெஞ்சுப் பாணியில் சாந்து பூசிய பருத்த தூண்களைக் கொண்டதாகவும் அமைந்துள்ளது. பிற்காலத்துத் தமிழ்ச் செல்வர் வீடுகளும் கீழே திண்ணை, மேலே ஐரோப்பிய முகப்பு என்ற இந்த வழியையே பின்பற்றின.

வழிபாட்டிடங்களுள் சம்பா கோயில் என மக்கள் வழங்கும் அமலோற்பவ அன்னை பேராலயம் 1791இலும், கடலை நோக்கிய கப்ஸ் கோயில் 1855இலும், கோதிக் பாணியிலான திருஇருதய ஆலயம் 1907இலும் நிறைவுற்றன. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காக அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் பிற்பகுதியில் பணி தொடங்கிய கோல்கொண்டு விடுதி, சன்னல்களுக்கு மாற்றாக முகப்பு முழுவதும் திறந்து மூடும் கிடைத்தகடுகளை வைத்து, பழைய மரச்சட்டக் கதவின் தத்துவத்தையே கான்கிரீட்டில் விரித்துக் காட்டியது.

நகரோடு பார்வையை முடித்துக்கொள்வோர் வில்லியனூரையும் பாகூரையும் தவறவிடுகின்றனர். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும், 1870களில் எழுந்த லூர்து அன்னை ஆலயமும் ஒரே ஊரில் உள்ளன. முன்னதன் தேரைப் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கத்தைத் துணைநிலை ஆளுநர்கள் தொடர்கின்றனர். பாகூர் மூலநாதர் கோயில் சோழர் காலக் கற்றளி, அதாவது முழுவதும் கல்லால் ஆன கோயில். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் அவ்வூர் வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை வழங்கியதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது.

இந்தியக் கலை மற்றும் பண்பாட்டு மரபு அறக்கட்டளையான இன்டாக், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்ட உதவியுடன் வைசியாள் தெருவின் தமிழ் முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஆயினும் 1870களைச் சேர்ந்த மேரி கட்டடம், அதாவது நகராட்சி மன்றம், பராமரிப்பின்றிக் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது.

மழையைப் போலவே கடலும் இந்நகரின் உருவை மாற்றி வந்துள்ளது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அமைத்த அலைதடுப்புச் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டதால், நகரின் முகப்பாக விளங்கிய மணற்கரை மறைந்து, அவ்விடத்தில் கருங்கல் குவியல் வந்தது. கல் கொட்டப்பட்ட இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்து, மீனவக் குப்பங்களை ஒவ்வொன்றாகத் தாக்கிப் பிள்ளைச்சாவடி வரை சென்றது. அங்குள்ள மீனவர்கள் படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் கரையில்லாமல், கடலுக்குள் கற்களை நீட்டிக் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்டுவருகின்றனர். ஆனால் ஓரிடத்தில் கட்டிய வளைவு அதற்கு வடக்கே உள்ள அடுத்த ஊரின் மணலைக் குறைப்பதால், இக்கோரிக்கை புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இரு அரசுகளின் எல்லையையும் தொடும் சிக்கலாகியுள்ளது.