சுயேச்சைப் புகைப்படத் திட்டம்: ஹட்டன் தேயிலைப் பிரதேசம்

பிறர் கேட்டுப் பணித்ததாலன்றி, தம் மனத்தை விடாது பற்றிய ஒரு வினாவுக்கு விடை தேடும் பொருட்டு, புகைப்படக் கலைஞர் ஒருவர் தாமே வகுத்துக்கொண்டு, ஆராய்ச்சியாலும் சிந்தனையாலும் நெடுங்காலம் வளர்த்துவரும் படத்தொடர் சுயேச்சைப் புகைப்படத் திட்டம் எனப்படும். இலங்கையின் மத்திய மலைநாட்டிலே ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய தேயிலைப் பகுதிகள் இம்முயற்சிக்கு விசேஷமான சோதனைக் களமாகும். எடுக்கத்தக்க படங்களெல்லாம் முன்னமே எடுக்கப்பட்டுவிட்டன என்ற பிரமையை அப்பிரதேசத்தைப்போல் உண்டாக்கும் இடம் வேறு அதிகமில்லை.

ஆகவே, அங்கு ஆராய்ச்சி பழைய படங்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதும், 1869 முதல் இலைநோய் கோப்பிப் பயிரை அழித்ததும், 1884இல் இருப்புப்பாதை ஹட்டனை அடைந்ததும் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தவை. அதே காலத்தில் ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாடே முதலிய நிறுவனங்கள் தோட்டக் காட்சிகளைப் படமாகவும் அஞ்சலட்டையாகவும் விற்றன. ஆங்கிலப் புகைப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1875இல் இலங்கையில் குடியேறி, 1879இல் காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் டென்னிசன், டார்வின் முதலியோரைப் பெயர் சொல்லிப் படமெடுத்த அவருடைய இலங்கைப் படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றிற் காணப்படும் தொழிலாளரிற் பெரும்பாலோருக்குப் பெயரில்லை. வணிக நிறுவனங்களின் படங்களிலோ சாதி, இனம், தொழில் ஆகியவற்றின் பெயரே மனிதருக்குப் பெயராயிற்று. தேயிலையை வாங்குபவரின் கண்ணுக்காக உருவான இந்தச் சம்பிரதாயமே, கூடை சுமந்து புன்னகைக்கும் பெண்ணாக இன்றும் தேயிலைப் பொட்டலங்களில் நிலைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்குவோர், தாம் எடுக்கும் படம் யாருக்காக என்ற வினாவை இங்கேதான் எதிர்கொள்ள நேரிடுகிறது.

அவ்வினாவுக்கு நேர்மையாக விடை காண விரும்புவோர், மலைச்சரிவின் பசுமையினின்று கண்ணைத் திருப்பி, அதிகாலையில் வேலை பகிரப்படும் பிரட்டுக்களத்தையும், கொழுந்து நிறுக்கப்படும் மடுவத்தையும், எடை குறைந்தால் பதியப்படும் அரைநாட் கூலியாகிய அரைப்பேரையும், கவ்வாத்து வெட்டிய மலையின் வறண்ட தோற்றத்தையும், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பாகிய லயத்துக் காம்பராவின் (அறையின்) இஸ்தோப்பிலே (திண்ணையிலே) மாலை வேளையில் நடப்பனவற்றையும் அறிய முற்படுவர். "தோட்ட வாழ்க்கை" என்ற பரந்த தலைப்பு ஒருபோதும் ஒரு திட்டமாகாது. ஒரு லயம், ஒரு மடுவம், ஒரு குடும்பம் என்று அது சுருங்கும்போதே பார்வை ஆழமாகும்.

படம் எடுப்பதற்கு முன்பே இருக்கும் படங்களைத் தேடுவதும் இவ்வாராய்ச்சியின் அங்கமே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964இல் கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் என்றும் இலங்கைக்கு மூன்று லட்சம் பேர் என்றும் பங்கிடப்பட்ட மலையகத் தமிழர் சமூகத்தில், கடவுச்சீட்டுக்காக எடுத்த சிறு படமும், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய உறவினர் அனுப்பிய குடும்பப் படமும் எந்த அரசாங்க அறிக்கைக்கும் குறையாத சரித்திர சாட்சியங்களாகும். அவற்றை உரியவரின் அனுமதியோடு பிரதி செய்து, அவர் கூறும் விவரத்தைத் தேதியுடன் குறித்துக்கொள்வது அவசியம். கம்பளைப் பகுதியில், பழைய லயம் ஒன்றிலேயே அமைந்துள்ள தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, சாதாரணப் பொருட்களும் ஆவணமாகும் என்பதற்குத் தக்க உதாரணம்.

காலத்தைப் பற்றிய நிதானம் இத்துறையில் பெரும் பலமாகும். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை இப்பகுதியை நனைப்பதால், தை மாசி மாதங்களின் தெளிந்த வெளிச்சத்தில் மட்டும் வந்து போகிறவர் ஒரு வகை ஹட்டனையே காண்பார். தோட்டங்களில் பல நாள் ஆடப்படும் காமன் கூத்தை எடுத்துக்கொண்டால், காமன் எரியும் இறுதி இரவுக்கு மட்டும் வருபவருக்கு நெருப்பு கிடைக்கும். கம்பம் ஊன்றிய நாள் முதல் இருந்தவருக்கோ, பகலில் மலைக்குப் போய்வந்த ஆண்மகன் இரவிலே ரதியாக அமர்ந்து அரிதாரம் பூசிக்கொள்ளும் அந்த மாற்றம் முழுவதும் கிடைக்கும். பின்னதே இத்திட்டத்திற்குரிய விஷயம்.

இடையிடையே எடுத்த படங்களை அச்சிட்டுப் பரப்பி, எவை மீண்டும் மீண்டும் வருகின்றன, எவற்றை எடுக்கத் தயங்கினோம், எந்தப் படம் பழைய அஞ்சலட்டையின் மறுபதிப்பாக இருக்கிறது என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவதே சிந்தனைப் பயிற்சியின் நடைமுறை வடிவம். இதைவிடவும் கடுமையான பரீட்சை, அப்படங்களை லயத்திற்கே கொண்டுசென்று காட்டுவது. இம்முயற்சி வெளியிலிருந்து வருபவருக்கு மட்டும் உரியதன்று. மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் மு. பழனிக்குமார், மீன் விற்கும் தம் தாயாரின் வாழ்க்கையையும், துப்புரவுத் தொழிலாளரின் வாழ்வையும் மரணத்தையும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்திருப்பது, உழைப்பாளர் சமூகத்தின் உள்ளிருந்தே இத்தகைய திட்டம் எழக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து கிடைக்கும் சான்று.

தோட்டப் பாதைகளும் லயங்களும் நிர்வாகத்தின் எல்லைக்குள் இருப்பதால், தோட்ட அதிகாரியாகிய துரையின் அனுமதி தேவைப்படும். ஆயினும் அவ்வனுமதி காம்பராவுக்குள் நுழைவதற்கான அனுமதியாகாது, அதை அங்கு வாழ்பவரே தருதல் வேண்டும். படத்திற்குக் கீழே எழுதும் பெயர், தோட்டம், டிவிசன் (தோட்டப் பிரிவு), தேதி ஆகியவற்றையும், வெளியிட வேண்டாமென அவர் விலக்கியவற்றையும் தனிப் பதிவேட்டில் குறித்து, அச்சுப் பிரதியொன்றை அவரிடமே ஒப்படைத்த பின்னரே காட்சிக்கான தெரிவு தொடங்கும்.