ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தில் முஸ்லிம்–கிறிஸ்தவத் தவறான புரிதல்கள்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் முஸ்லிம்களும் பல திருச்சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்களும் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். இரு தரப்பும் சிறுபான்மையே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 18,79,809 பேர் இருந்தனர்; அவர்களில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 6 சதவீதம், கிறிஸ்தவர்கள் 2 சதவீதம் அளவு. கல்யாண வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும் உறவு இவர்களுக்குள் உண்டு. ஆனால் அடுத்தவர் எதை நம்புகிறார் என்று கேட்டால் வரும் பதில்களில் பிழை மலிந்திருக்கிறது. பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் ஒன்றுதான்: எதிர்ச் சமயத்தின் ஒரு கிளையைப் பார்த்துவிட்டு அதையே முழு மரம் என்று எண்ணிவிடுவது.

இந்த வட்டாரத்தில் கிளைகளுக்குப் பஞ்சமில்லை.

கிருஷ்ணகிரியிலும் தேன்கனிக்கோட்டையிலும் உருது பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. மைசூர் ஆட்சிக் காலம் வரை அவர்களின் வரலாறு பின்னோக்கிச் செல்கிறது. கிருஷ்ணகிரிக் கோட்டை நிற்கும் குன்றுக்கே அங்குள்ள தர்காவின் பெயரால் சையத் பாஷா மலை என்றுதான் பெயர். தமிழ் பேசும் லெப்பைகளும் ராவுத்தர்களும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். மலையாளம் பேசும் மாப்பிள்ளைகள் கடை வைக்க வந்தார்கள். சிப்காட் தொழிற்பேட்டை 1970-களில் தொடங்கியபின் வடநாட்டுத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். இவர்களுக்குள் தர்காவுக்குப் போகிறவர்களும் உண்டு, தப்லீக் பணியில் ஊர் ஊராகப் போகிறவர்களும் உண்டு, தர்கா வழிபாட்டையே இணைவைப்பு என்று கண்டிக்கும் தவ்ஹீத் அமைப்பினரும் உண்டு.

கிறிஸ்தவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. எலத்தகிரி, மத்தகொண்டப்பள்ளி போன்ற ஊர்களின் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் லத்தீன் மரபைச் சேர்ந்தவை. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டம் அவர்களுடையது. 2017 அக்டோபரில் போப் பிரான்சிஸ், மார் தோமா மரபைச் சொல்லும் சீரோ–மலபார் திருச்சபைக்காக ஓசூரின் பெயரிலேயே தனி மறைமாவட்டம் ஒன்றை அமைத்தார். அதன் முதல் ஆயர் மார் செபாஸ்டியன் பொழோலிப்பறம்பில். ஆக, ஒரே ஊரில் இரண்டு கத்தோலிக்க ஆயர்களின் அதிகாரம் செல்லும். இருவரும் ரோமுக்குக் கட்டுப்பட்டவர்கள். வழிபாட்டு முறையும் நிர்வாகமும்தான் வேறு. 1947-இல் பல புரொட்டஸ்டன்ட் சபைகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., தனி. அதற்கும் அப்பால், தொழிலாளர் குடியிருப்புகளில் வாடகைக் கட்டடத்தில் ஜெபக்கூட்டம் நடத்தும் பெந்தெகொஸ்தே சபைகள். ஓசூரின் மின்னணு ஆலைகளுக்கு ஜார்க்கண்டிலிருந்து பழங்குடிப் பெண்களும் வேலைக்கு வருகிறார்கள்; அந்த மாநிலத்திலோ கத்தோலிக்கரோடு கோஸ்னர் லூத்தரன் சபையாரும் பெருமளவில் உள்ளனர்.

இத்தனை பேரையும் வெளியார் “மாதா கோயில்காரர்கள்” என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். இது சி.எஸ்.ஐ. குடும்பத்துக்கு வியப்பையும், பெந்தெகொஸ்தே குடும்பத்துக்குக் கோபத்தையும் தரும்.

பழைய காயம்

கொள்கை வேறுபாட்டுக்கு முன்பே அரசியல் வந்துவிட்டது. பாராமகால் என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணகிரிப் பகுதி ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்து 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயரிடம் போனது. ஓசூர்ப் பகுதி 1799-இல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகே போனது.

1784-இல் திப்பு, மங்களூர்ப் பகுதியின் கொங்கணிக் கத்தோலிக்கர்களைக் கூட்டமாகச் சிறைப்பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றார். வழியிலும் சிறையிலும் ஏராளமானோர் இறந்தார்கள். பலருக்குக் கட்டாய விருத்தசேதனம் செய்யப்பட்டது. பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் பாதிரியார் துபுவா, பிடிபட்டோர் 60,000 பேர் என்று எழுதினார்; பிற கணக்குகள் 30,000 முதல் 80,000 வரை வேறுபடுகின்றன. 1799-க்குப் பிறகு மைசூர்ப் பகுதிக்கு வந்த துபுவா, கட்டாயத்தால் மதம் மாறியவர்களை மீண்டும் திருச்சபையில் சேர்க்கும் பணியைச் செய்தார்.

மங்களூர்க் கத்தோலிக்கர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றம் துரோகம்: 1783-இல் மங்களூரைப் பிடித்த ஆங்கிலத் தளபதி மேத்யூஸின் படைக்கு உதவினார்கள் என்பது. அப்படி உதவியவர்கள் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சமூகம் முழுவதையும் ஆங்கிலேயரின் மதத்தார் என்று கருதித் தண்டித்ததில் பெரும் பிழை இருந்தது. கொங்கணிக் கத்தோலிக்கர்கள் கோவாவின் போர்த்துக்கீசியத் திருச்சபை மரபைச் சேர்ந்தவர்கள். ஆங்கிலேயர்கள் அந்தத் திருச்சபையைப் பிரிந்துபோன புரொட்டஸ்டன்ட்டுகள். தன் எல்லைக்குள் மிஷனரிகள் வருவதைக் கிழக்கிந்தியக் கம்பெனியே 1813 வரை விரும்பவில்லை. மறுபக்கம், திப்புவின் படையில் பிரெஞ்சுக்காரர்கள் கடைசிவரை இருந்தார்கள். குடகர்களையும் நாயர்களையும் அவர் இதே விதத்தில்தான் தண்டித்தார். எனவே இந்தக் கொடுமையை இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் நடந்த போராகச் சுருக்கிச் சொல்வது நடந்ததைத் திரிப்பது. அதை மறைப்பதும் அதே அளவு திரிப்புதான்.

ஐதர் அலியின் காலத்தில் வேறொரு காட்சி. 1779-இல் சென்னை அரசு தன் தூதராகத் தஞ்சாவூரின் லூத்தரன் மிஷனரி சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. ஐதர் அவரை மரியாதையுடன் வரவேற்றார். அடுத்து மூண்ட போரில் கர்நாடகச் சமவெளியே எரிந்தபோதும், சுவார்ட்ஸ் எங்கு போனாலும் தடுக்கக் கூடாது என்று தன் படையினருக்கு உத்தரவிட்டார். ஆங்கிலேயர் மேல் அவருக்கிருந்த சந்தேகம் அந்த மனிதர் மேல் விழவில்லை.

ஈசாவும் மர்யமும்

கிறிஸ்தவர்களிடம் பரவலாக உள்ள ஒரு பிழை, முஸ்லிம்கள் இயேசுவை மறுக்கிறார்கள் என்பது. குர்ஆன் ஈசா நபியை ஏறத்தாழ 25 இடங்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தந்தையின்றிக் கன்னியிடம் பிறந்தவர், மஸீஹ், இறைவன் அருளால் அற்புதங்கள் செய்தவர், இறுதிக் காலத்தில் திரும்பி வரப்போகிறவர் என்பவை முஸ்லிம்களின் பொதுவான நம்பிக்கைகள். குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண் மர்யம். 19-ஆம் அத்தியாயம் அவர் பெயரிலேயே இருக்கிறது. மரியாளைப் பற்றி ஒரு பெந்தெகொஸ்தே பாஸ்டர் மேடையில் பேசுவதைவிட ஜும்ஆப் பிரசங்கத்தில் மரியாதையாகப் பேசக்கூடும் என்பதைக் கேட்டுப் பல கத்தோலிக்கர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்.

முஸ்லிம்களிடம் உள்ள பிழை இதன் மறுபக்கம். கிறிஸ்தவர்களின் மூவொரு கடவுள் என்பது கடவுள், இயேசு, மரியாள் ஆகிய மூவர் என்று பலர் நினைக்கிறார்கள். குர்ஆனின் 5-ஆம் அத்தியாயத்தில், தன்னையும் தன் தாயையும் தெய்வங்களாக எடுத்துக்கொள்ளும்படி மக்களிடம் சொன்னாரா என்று இறைவன் ஈசாவிடம் கேட்கும் பகுதி இந்த எண்ணத்துக்கு ஒரு காரணம். வேளாங்கண்ணித் திருவிழாவும் தேர்பவனியும் கண்ணுக்குத் தெரியும் மற்றொரு காரணம். ஆனால் எந்தக் கிறிஸ்தவத் திருச்சபையும் மரியாளை மூவொருமையில் சேர்ப்பதில்லை. 325-இல் நிசேயாவில் தொடங்கி வகுக்கப்பட்ட கோட்பாடு தந்தை, மகன், தூய ஆவி பற்றியது. கத்தோலிக்கர்கள் மரியாளுக்குச் செலுத்துவது ஆராதனை அல்ல, வணக்கம் மட்டுமே; 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் வகுத்த இந்த வேறுபாட்டை அவர்கள் இன்றும் பிடித்திருக்கிறார்கள். சி.எஸ்.ஐ.யும் பெந்தெகொஸ்தேயும் அந்த வணக்கத்தையே செய்வதில்லை. ‘இறைமகன்’ என்பது உடல்வழிப் பிறப்பு என்ற எண்ணத்தையும் எல்லாத் திருச்சபைகளும் மறுக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒற்றுமை ஒன்று உண்டு. தர்காவில் போர்வை சாத்துவதைக் கண்டிக்கும் தவ்ஹீத் இளைஞரும், மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுவதைக் கண்டிக்கும் பெந்தெகொஸ்தே விசுவாசியும் கிட்டத்தட்ட ஒரே வாதத்தை வைக்கிறார்கள். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒரே பயணத்தில் போய்வரும் குடும்பத்தின் மனநிலையும் இருபுறமும் ஒன்றுதான். சமய எல்லையைத் தாண்டிப் புரிந்துகொள்ளக்கூடிய இந்த இடத்தை இரு தரப்பாரும் அரிதாகவே கவனிக்கிறார்கள்.

உண்மையான வேறுபாடும் இருக்கிறது. இயேசு சிலுவையில் இறந்தார் என்பது எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் அடித்தளம். அவர் கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை என்கிறது குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம். இதை யாராலும் சமரசம் செய்ய முடியாது, செய்யத் தேவையும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே பழகுவது, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிப் பழகுவதைவிட நேர்மையானது.

வேதநூல்கள்

இஞ்சீல் ஈசா நபிக்கு இறங்கிய ஒரே வேதம் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. பைபிளைத் திறந்தால் நான்கு நற்செய்திகள், அவையும் சீடர் மரபில் வந்தவர்கள் எழுதியவை. உடனே “மாற்றிவிட்டார்கள்” என்ற முடிவு பிறக்கிறது. கிறிஸ்தவரோ தன் நூல் வானிலிருந்து வரி வரியாக இறங்கியது என்று சொல்வதில்லை. குர்ஆனுக்கு இஸ்லாத்தில் உள்ள இடம் கிறிஸ்தவத்தில் பைபிளுக்கு அல்ல, வார்த்தையானவராகக் கருதப்படும் இயேசுவுக்கே உரியது என்று மத ஒப்பியல் அறிஞர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நூலோடு நூலை ஒப்பிடும்போது இரு தரப்பும் தடுக்கி விழுவது இங்கேதான்.

கத்தோலிக்கப் பைபிளில் 73 நூல்கள், புரொட்டஸ்டன்ட் பைபிளில் 66 என்பதும் திருத்தலுக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இந்த எண்ணிக்கை வேறுபாடு முழுவதும் பழைய ஏற்பாட்டைச் சேர்ந்த 7 நூல்களைப் பற்றியது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் இருவருக்கும் பொது. பர்னபா நற்செய்தி என்ற நூலைச் சில முஸ்லிம் எழுத்தாளர்கள் உண்மையான இஞ்சீலாக முன்வைக்கிறார்கள். அதன் இத்தாலியக் கைப்பிரதி 1907-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஜூபிலி பற்றிய குறிப்பு அதில் இருக்கிறது. அத்தகைய ஜூபிலியை ரோம் முதலில் அறிவித்தது 1300-இல். அதனால் நூல் இடைக்காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு.

கிறிஸ்தவர் தரப்புப் பிழைகளும் குறைந்தவை அல்ல. முஸ்லிம்கள் நபிகளை வணங்குகிறார்கள் என்பது ஒன்று. அல்லாஹ் வேறு ஒரு தெய்வம் என்பது இன்னொன்று; அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்களும் தலைமுறை தலைமுறையாக அல்லாஹ் என்றே ஜெபிக்கிறார்கள்.

அன்றாடப் பிழைகள்

கிறிஸ்தவர்கள் எல்லோரும் மது அருந்தலாம் என்று நினைக்கும் முஸ்லிம்கள் பலர். கத்தோலிக்கத் திருப்பலியில் திராட்சை மது உண்டு. பல புரொட்டஸ்டன்ட் சபைகள் புளிக்காத திராட்சைச் சாற்றையே பயன்படுத்துகின்றன. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் மதுவை அறவே விலக்குகின்றன. அவற்றில் சில, நகையைக்கூட அனுமதிப்பதில்லை. ஆராதனையில் பெண்கள் முக்காடு இடுவதும் அங்கே வழக்கம்.

வேலைவாய்ப்பே மூச்சாக உள்ள இந்த வட்டாரத்தில் இடஒதுக்கீடு பற்றிய பேச்சில் பிழை எளிதில் நுழைகிறது. தமிழ்நாடு அரசு 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தலா 3.5 சதவீதம் தனி ஒதுக்கீடு தந்தது. இன்று முஸ்லிம்களுக்கு மட்டும் அது இருப்பதைப் பார்த்து, அரசு ஒரு தரப்புக்குச் சாய்ந்துவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். நடந்தது வேறு: பிற்படுத்தப்பட்டோர் பொதுப் பட்டியலில் அதைவிட அதிக இடங்கள் கிடைத்துவந்ததால், கிறிஸ்தவர்களே கேட்டு 2008-இல் தனி ஒதுக்கீட்டை விலக்கிக்கொண்டார்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதி உரிமை கிடைக்காமல் நிற்பது தலித் கிறிஸ்தவர், தலித் முஸ்லிம் இருவருக்குமே பொதுவான இழப்பு.

2019 ஈஸ்டரும் அதன்பின்னும்

பிழையான எண்ணங்கள் எவ்வளவு ஆபத்தாகும் என்பதை இலங்கைத் தமிழர்கள் நேரில் கண்டார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்றின் தற்கொலைக் குண்டுவெடிப்புகளில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் தேவாலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் கத்தோலிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தமிழ்ப் புரொட்டஸ்டன்ட்டுகள் பலியானார்கள்; அவர்களில் பலர் குழந்தைகள். விடுதிகளில் நடந்தவற்றையும் சேர்த்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொலைகாரர்களுக்குக் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்ட்டும் ஒன்றாகவே தெரிந்தார்கள். அடுத்த மாதமே வடமேற்கு மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் இத்தாக்குதலோடு தொடர்பே இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை வகித்தவரின் குழு, 2017-இல் காத்தான்குடியில் முதலில் வாளோடு பாய்ந்தது சூஃபி முஸ்லிம்கள் மேல்தான் என்பது பலர் கவனத்துக்கு வரவில்லை.

திருத்த முயற்சிகள்

கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் வெளியிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்க அறிக்கை, முஸ்லிம்கள் ஒரே கடவுளை ஆராதிப்பதையும் மரியாளை மதிப்பதையும் வெளிப்படையாக ஏற்றது. 2007-இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு ஒரு பொது மடல் எழுதி, இறையன்பையும் அயலார் அன்பையும் இரு வேதங்களிலிருந்தும் எடுத்துக்காட்டினர். 2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் போப் பிரான்சிஸும் கெய்ரோவின் இஸ்லாமியக் கல்விபீடமான அல்–அஸ்ஹரின் தலைவர் அகமது அல்–தய்யிபும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள்.

இவை எல்லாம் மேலிருந்து வந்தவை. தருமபுரி, ஓசூர் மறைமாவட்டங்கள் இரண்டும் வத்திக்கான் அறிக்கைக்குக் கட்டுப்பட்டவை; ஓசூரின் தனித்தனி ஜெபக்கூடங்களுக்கோ அப்படி ஒரே தலைமை கிடையாது, ஒவ்வொரு பாஸ்டரும் தன் சபைக்குத் தானே வழிகாட்டி. பள்ளிவாசல்களின் நிலையும் அதுவே: ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் இமாமைத் தானே அமர்த்துகிறது, அல்–அஸ்ஹரின் கையெழுத்து எந்த ஜமாஅத்தையும் கட்டுப்படுத்தாது.